ஹங்கேரி அண்ணையின் நீலப் பாத்திரம்

ஹங்கேரி நாட்டைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த மனிதர் மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறார். ஹங்கேரியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை நானாகச் சொல்லவில்லை, அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. தபால் பெட்டியில் இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. சின்னப் பிள்ளை முதல் கிழவர்வரை எல்லோருக்கும் அவர் ஹங்கேரி அண்ணை. அவருடைய மனைவியான அக்காகூட எங்களிடம் முறைப்பாடு சொல்லும்போது "உங்கட ஹங்கேரி அண்ணை செய்த வேலையைப் பாத்தீங்களே" என்றுதான் தொடங்குவா.

பக்கத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது அவருடைய வேலை. வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நோயாளிக்கு ஹங்கேரியின் குளிர், ஹங்கேரியின் பாண், ஹங்கேரியின் காடு எல்லாம் தெரிந்துவிடும். கட்டிலில் கிடப்பவர் எழுந்து ஓட முடியாது என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்கள் மட்டும் தப்பினார்கள்.

எங்களுக்கு அந்த வசதியும் இல்லை. முதல் பனி கொட்டும் நாளில் நாங்கள் ஜன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். பின்னால் குரல் கேட்கும். "இதெல்லாம் ஒரு பனியே? நான் ஹங்கேரியில இருக்கேக்க..." அவ்வளவுதான், அரை மணித்தியாலம் போய்விடும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களை நகரத்தின் நடுவிலிருக்கும் மலைக்குப் பெருமையோடு கூட்டிக்கொண்டு போவோம். அவர் கூட வருவார், ஆனால் மேலே ஏறமாட்டார். அது மலையே இல்லையாம், மேடாம். மலை என்றால் அங்கே இருப்பதாம். மலை முடிகிற இடம்வரைக்கும் காடு, காட்டுக்கு முன்னால் தொழிற்சாலை, தொழிற்சாலைக்கு ஒரு புகைபோக்கி. இந்தப் புகைபோக்கி இல்லாமல் அவருடைய எந்தக் கதையும் முடியாது. காலை ஆறு மணிக்கு வெள்ளைப் புகை, பத்து மணிக்குக் கறுப்புப் புகை, ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சமாக ஒரு சாம்பல் புகை என்று நேர அட்டவணை சொல்லுவார்.

ஆனால் குறுக்குக் கேள்வி கேட்டால் மனிதர் நழுவிவிடுவார். சந்தை எப்படி இருக்கும் என்று கேட்டால் புகைபோக்கிக்குத் தாவுவார். என்ன தெருவில் இருந்தீர்கள் என்றால் காட்டுக்குள் போய்விடுவார். ஊரில் ஆறு ஏதும் உண்டா என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, அது ஆறே இல்லாத ஊர் என்று அடித்துச் சொன்னார். ஒருமுறை அவருடைய ஆஸ்பத்திரிக்கு உண்மையான ஹங்கேரியர் ஒருவர் நோயாளியாக வந்து சேர்ந்தார். கூட வேலை செய்தவர்கள் சந்தோஷமாக ஓடிவந்து இவரிடம் சொன்னார்கள். இவர் உடனே வயிற்றுக்குத்து என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த நோயாளி குணமாகிப் போகும்வரை படுத்திருந்தார். மனிதர் ஹங்கேரிப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்று எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் முடிவுகட்டினார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. யாராவது ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொடுத்தால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். கொடுத்த பாத்திரத்தில் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத் திருப்பிக் கொடுப்போம். ஆனால் ஹங்கேரி அண்ணை இதை ஒரு மதமாகவே நடத்தினார். இரண்டாம் மாடியில் இருந்த கியூபெக் மதாம் ஒருத்தி ஒருநாள் பழைய தயிர் டப்பா ஒன்றில் கொஞ்சம் கேக் வைத்துக் கொடுத்துவிட்டாள். இவர் டப்பாவைக் கழுவித் துடைத்து வடையால் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது குப்பையில் போடும் டப்பா, திருப்பித் தரத் தேவையில்லை என்று மதாம் பிரெஞ்சில் எவ்வளவோ சொன்னாள். இவர் "மெர்சி, மெர்சி" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை அவளுடைய கையில் திணித்தார். அந்த ஒரே டப்பா கைமாறிக் கைமாறி அந்த வீடுகள் இரண்டும் பல வருடம் சாப்பாடு பரிமாறின. மதாம் கொஞ்சம் கொஞ்சமாக உறைப்புச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட மனிதருடைய குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, மூடியோடு ஒரு நீல எனாமல் பாத்திரம் எப்போதும் சும்மா இருந்தது. அதில் யாரும் சமைத்ததில்லை. ஒரு புத்தாண்டன்று நான் பாயசம் கொண்டுபோக அதை எட்டி எடுத்தபோது அவர் பாய்ந்து வந்து பறித்துக்கொண்டார். என்னுடன் அவர் கோபமாக நடந்துகொண்ட ஒரே நாள் அதுதான்.

பிறகு நான் கர்க்லாண்ட் பக்கம் வீடு மாறிப் போய்விட்டேன். அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு கதை கேட்க ஆள் இல்லாமல் போனதில் மனிதர் வாடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சென்ற வருடம் ஒருநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தா. "தம்பி, இவரை ஒருக்கா ஹங்கேரிக்குக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ. நீங்கள் எழுதுற ஆள்தானே, வேலைவெட்டி ஒண்டும் இல்லை." இதற்கு முதல் யாரும் என்னுடைய தொழிலை இவ்வளவு சுருக்கமாக வர்ணித்தது கிடையாது. கோபம் வந்தாலும் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்குத்தான் அவர் அந்தப் பாத்திரத்தின் கதையைச் சொன்னார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் ஆறு பேரை ஹங்கேரியின் வடக்கில் ஒரு சின்னத் தொழிற்சாலை ஊரில், ஒரு அடுக்குமாடி வீட்டில் விட்டுவிட்டுப் போனான். பதினொரு கிழமை. அவன் இடைக்கிடை பாணும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து போட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ கதவில் இரண்டு தரம் தட்டுவார்கள். திறந்து பார்த்தால் வாசலில் நீலப் பாத்திரம், உள்ளே ஆவி பறக்கச் சிவப்புச் சூப். எதிர்வீட்டுக் கதவு மூடப்படும்போது ஒரு பெண்ணின் கை மட்டும் தெரியும். அந்த முகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. பாத்திரத்தைக் கழுவி எதிர்வாசலில் வைப்பார்கள். வெறும் பாத்திரம். போட்டுக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒருமுறை ஏஜென்சிக்காரன் அப்பிள் கொண்டுவந்தானாம். ஆறு பேரும் தின்று முடித்த பிறகுதான், ஒன்றை எடுத்து வைத்திருக்கலாமே என்று இவருக்கு ஞாபகம் வந்ததாம். அந்த அப்பிளுக்காக இன்னும் தன்னைத் திட்டிக்கொள்கிறார்.

கடைசி ஞாயிறு சூப் வந்து சேர்ந்ததும் ஏஜென்சிக்காரன் மூச்சிரைக்க ஓடிவந்தான். கீழே வான் நிற்கிறது, உடனே ஏறுங்கள் என்றான். பசியில் இருந்தவர் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

"கதவைத் திறந்து பாத்திருக்கும் தானே அந்த மனிசி," என்றார். "ஆக்களும் இல்லை, பாத்திரமும் இல்லை. என்ன நினைச்சிருக்கும்? சாப்பாடு குடுத்தன், சட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடிட்டாங்கள் எண்டு நினைச்சிருக்கும். முப்பது வருசமா ஒரு மனிசி என்னைக் கள்ளன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்குது. எனக்கு அதைத் தாங்கேலாமக் கிடக்கு."

பாண் சுற்றிவந்த கடதாசி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் அந்த ஊரின் பெயர் அச்சடித்திருந்தது. எனக்கு அதை வாசிக்கவே பத்து நிமிடம் பிடித்தது. டிக்கெட் எடுத்தேன்.

பாத்திரத்தில் என்ன போடுவது என்பதில் பெரிய சண்டை நடந்தது. மேப்பிள் பாகு போடலாம் என்று நான் சொன்னேன், கனடாப் பொருள் அல்லவா. விமானத்தில் பறித்துவிடுவார்கள் என்றார் அண்ணை. பருத்தித்துறை வடை வழியில் நொறுங்கும் என்றா அக்கா. கடைசியில் பயத்தம் பணியாரம் என்று முடிவாயிற்று. இனிப்பு, கெட்டி, இரண்டு கிழமைக்குப் பழுதாகாது. அக்கா ஒருநாள் முழுக்கக் குசினியில் நின்று சுட்டா. மூடியை அண்ணை நாலு பக்கமும் நாடாவால் ஒட்டினார். விமான நிலையத்தில் சோதனை செய்கிறவர் அந்த நாடாவைக் கிழித்து மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். ஒன்று கேட்பார்போல இருந்தது. அண்ணை மூடியைச் சட்டென்று மூடிவிட்டு, இது வேறு ஆளுக்கு என்று பிரெஞ்சில் சொன்னார். பசித்த வயிறோடு பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த எனக்கும் அதே பதில்தான்.

புடாபெஸ்டிலிருந்து ரயிலில் இரண்டரை மணித்தியாலம், பிறகு ஒரு பஸ். ஒக்டோபர் மாதம். இறங்கிப் பார்த்தால் அவர் சொன்ன மலையும் காடும் தொழிற்சாலையும் அப்படியே இருந்தன. ஊருக்குப் பின்னால் இரண்டு திமில் வைத்த மலை, மேலே உச்சிவரைக்கும் மஞ்சளும் சிவப்புமாகக் காடு, கீழே கண்ணாடி உடைந்த தொழிற்சாலைக் கட்டடங்கள். நான் மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "சரி அண்ணை, எந்தப் பக்கம்?" என்றேன்.

அவர் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். "எனக்குத் தெரியாது," என்றார்.

கிட்டத்தட்ட மூன்று மாதம் இருந்த ஊர் தெரியாதா என்று கேட்டேன்.

"நான் ஊரில எங்க இருந்தனான்? அறையிலயெல்லோ இருந்தனான். வெளியில தலை காட்டினால் பிடிச்சிடுவாங்கள் எண்டு அவன் எங்களைப் படியிறங்க விடேல்ல. இருட்டில கொண்டந்து விட்டவன், இருட்டில கொண்டு போனவன். ஒரு ஜன்னல் இருந்தது. திரைச்சீலையை ஒரு விரலளவு விலத்திப் பாப்பன். அவ்வளவுதான் என்ர ஹங்கேரி."

நான் பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடமாக எங்களுடைய காதைத் துளைத்த நாடு முழுக்க ஒரு விரலளவு இடைவெளியில் பார்த்தது. சிரிப்பதா, அழுவதா, டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பதா என்று தெரியவில்லை.

ஆனால் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஜன்னலிலிருந்து பார்க்கும்போது இரண்டு திமிலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்துக்கு நேர் முன்னால் புகைபோக்கி நிற்கும். அப்படி எங்கிருந்து தெரிகிறதோ அங்கேதான் வீடு. ஆகவே மலையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தால் போதும். திட்டத்தில் ஒரு குறை. புகைபோக்கியைக் காணவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் மலையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். "மலை இன்னும் பெரிசாத் தெரியுது, இன்னும் போகோணும்," என்பார். நான் அவருக்குப் பின்னால் நின்று குழி, படி, சைக்கிள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த அமைதியான ஊரில், நீலப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கறுத்த மனிதர் தெருவெல்லாம் பின்னோக்கி நடந்தால் என்ன ஆகும்? திரைச்சீலைகள் விலகின. இந்த முறை அவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

மூன்றாவது தெருவில் அண்ணை ஒரு நாயை மிதித்தார். நாயின் சொந்தக்காரர் எண்பதை நெருங்கிய, தோள் அகன்ற ஒரு கிழவர். அவர் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து, கைத்தொலைபேசியில் மொழிபெயர்ப்பைப் போட்டு, நாங்கள் ஒரு புகைபோக்கியைத் தேடுகிறோம் என்று சொல்லவைத்தேன். தொழிற்சாலை மூடிய பிறகு அதை இடித்துவிட்டார்களாம். புல் முளைத்திருந்த ஒரு வெளியைக் கையால் காட்டினார். அண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது, உறவுக்காரன் செத்த செய்தி கேட்டவர் மாதிரி நின்றார். பிறகு என்னிடம், "பத்து மணிக்கு ஏன் கறுப்புப் புகை வந்தது எண்டு கேளும்," என்றார்.

கேட்டேன். கிழவர் தொலைபேசியைப் பார்க்கவில்லை, அண்ணையைத்தான் பார்த்தார். பத்து மணிக்குப் புதிதாக நிலக்கரி அள்ளிப் போடுவது வழக்கமாம். அள்ளிப் போட்டது அவராம். இருபத்தாறு வருடம் அந்த உலையில் வேலை செய்தவராம். அண்ணை விடவில்லை. சில நாட்களில் பத்தரைக்குத்தான் கறுப்புப் புகை வந்தது, அது ஏன் என்று கேட்கச் சொன்னார். கிழவர் வெடித்துச் சிரித்தார். அந்த நாட்களில் அவர் கள்ளமாகப் போய்க் கோப்பி குடித்தாராம். தன் மனைவிகூடத் தான் விட்ட புகையை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்றார். அதற்குப் பிறகு நாயை மிதித்த விஷயம் மறந்துபோயிற்று. ஜன்னலையும் சூப் தந்த பெண்ணையும் பற்றி நான் சொன்னதும் அண்ணையின் தோளில் கைபோட்டு, புகைபோக்கி நின்ற இடத்தையும் மலைப் பள்ளத்தையும் விரலால் அளந்து, நேரே ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் படிக்கட்டில் அந்தக் காலத்து ஆட்களில் ஒருத்திதான் மிச்சம், அவள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் சமைத்தவள் என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

மூன்றாம் மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். அண்ணை தலையைச் சீவினார். மூடியைத் திறந்து பணியாரத்தை அடுக்கினார். மறுபடியும் சீவினார். என்னை முன்னால் நிற்கச் சொன்னார், பிறகு பின்னால் போகச் சொன்னார். பொறுமை இழந்த கிழவர் கதவைத் தட்டக் கையை உயர்த்த, அவரைத் தடுத்துவிட்டு அண்ணையே இரண்டு தரம் தட்டினார்.

தடித்த கண்ணாடி போட்ட, சின்னஞ்சிறிய கிழவி ஒருத்தி கதவைத் திறந்தாள். எங்கள் முகங்களை அவள் பார்க்கவேயில்லை. பாத்திரத்தைப் பார்த்தாள். வாங்கி, உயர்த்தி, அடிப்பக்கத்தில் எனாமல் பெயர்ந்திருந்த இடத்தை விரலால் தடவினாள். அண்ணை முப்பது வருடமாகத் தயாரித்த மன்னிப்பை ஒரே மூச்சில் தமிழில் கொட்டினார். நான் அதைத் தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், தொலைபேசி அவளுக்கு ஹங்கேரியனில் சொன்னது. நாங்கள் கள்ளர் இல்லை, வான் வந்து நின்ற அவசரத்தில், பசியில் எடுத்துக்கொண்டு போய்விட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் நீண்ட நேரம் பேசினாள். தொலைபேசி திணறித் திணறிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"என்னவாம்?" என்றார் அண்ணை. "பேசுறாவோ?"

"இல்லை அண்ணை. அடுத்த நாள் காலமை கதவு திறந்து கிடந்ததாம். பொலிஸ் வந்து உங்களைப் பிடிச்சுக்கொண்டு போட்டுதெண்டு நினைச்சு உள்ளுக்க ஓடினவவாம். போர்வையள் கிடந்ததாம், ஒரு சப்பாத்து கிடந்ததாம். இந்தப் பாத்திரத்தை மட்டும் காணேல்லயாம். பொலிஸ் பிடிச்சால் சூப்பைத் தூக்கிக்கொண்டு வர விடமாட்டாங்கள் தானே. அப்ப நீங்கள் தப்பிப் போட்டீங்கள், சாப்பாட்டோடதான் போயிருக்கிறீங்கள் எண்டு அவவுக்கு விளங்கிச்சுதாம். பாத்திரம் இல்லாததைப் பாத்தாப் பிறகுதான் நிம்மதியா மூச்சு விட்டவவாம்."

அவள் இன்னும் ஒரு கேள்வி கேட்டாள். வான் குலுங்கியிருக்குமே, சூப் கொட்டிவிட்டதா என்று கேட்டாள்.

"ஒரு சொட்டும் கொட்டேல்ல எண்டு சொல்லும்," என்றார். "மடியில வைச்சிருந்தனான்."

குசினிக்குள் கூட்டிப்போய்க் கோப்பி தந்தாள். பணியாரத்தை நறுக்கென்று கடித்து, இன்னொன்றையும் எடுத்தாள். கிழவர் மூன்று தின்றார். எனக்கும் ஒன்று கிடைத்தது. மிச்சத்தைத் தட்டில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை அண்ணையிடமே நீட்டினாள், நீயே வைத்துக்கொள் என்றாள். அண்ணை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கிவிட்டார். அவளுடைய குசினி ஜன்னல் மலைக்கு மறுபக்கம் பார்த்தது. அங்கே ஒரு அகலமான ஆறு, பாலத்தோடு, சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பியைக் குடித்தார்.

திரும்பி பஸ் தரிப்பிடத்துக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தோம். கிழவர் நாயோடு கையசைத்துவிட்டுப் போனார். அண்ணைக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், பொக்கெற்றில் போட்டார், மறுபடியும் மடியில் வைத்தார். நான் என்னுடைய பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். ஏன் என்று கேட்காமல் அணைத்துக்கொண்டார். கண்கள் மலையில் இருந்தன, வாய் மூடியிருந்தது. கால் மணித்தியாலம் ஆயிற்று. இந்த மனிதர் ஒரு ஐந்து நிமிடமாவது வாயை மூடமாட்டாரா என்று எத்தனையோ வருடம் ஏங்கியவன் நான். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய முழங்கையைப் பிடித்து, "ஏதாவது கதையுங்கோ அண்ணை," என்றேன்.